பெக்கரிக்கு ஒரு பெயர்

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் கல்கிசை ஒழுங்கைகளுள் ஒன்றில் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர் வாழ்ந்து வருகின்றார். எண்பது வயதைக் கடந்த அவருக்கு இப்போது பாடமும் இல்லை, மாணவரும் இல்லை. கரையோரப் புகையிரதம் கடந்து செல்லும் ஓசையைக் கொண்டு நேரத்தை மதிப்பிடுவதும், பழைய குறிப்பேடுகளைப் புரட்டுவதும், கிழமைக்கு ஒருமுறை அமெரிக்காவிலுள்ள பேத்தியுடன் தொலைபேசியிற் பேசுவதுமே அவருடைய அலுவல்கள். மகள் தன் குடும்பத்தோடு அரிசோனா மாநிலத்தில் வாழ்கின்றாள். கல்கிசையில் இரவு ஏழரை மணியாகும்போது அங்கே அதே நாளின் காலை ஏழு மணி. ஒருவருக்கு நாள் முடியும் வேளையும் மற்றவருக்கு நாள் தொடங்கும் வேளையுமாகிய அந்த அரைமணி நேரத்திலேதான் பத்து வயதுப் பேத்தியின் தமிழ் வளர வேண்டியிருக்கின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் படமொன்றை அனுப்பியிருந்தாள். வீட்டின் பின்புறத்தில், நாகதாளிப் புதருக்கு அருகே, நான்கைந்து விலங்குகள் நின்றன. நரைத்த கரடுமுரடான மயிர், கழுத்தைச் சுற்றி வெளிறிய பட்டியொன்று, மெல்லிய கால்கள், முகமோ பன்றியின் முகமேதான். முள்ளையும் பொருட்படுத்தாது அவை நாகதாளி மடல்களைத் தின்றுகொண்டிருந்தன.

“அம்மப்பா, இதுக்குத் தமிழிலை என்ன பேர்?”

கேள்வி எளியது. ஆயினும் ஆசிரியர் உடனே விடை கூறவில்லை. “அடுத்த கிழமை சொல்லுறன் பிள்ளை” என்று தவணை கேட்டுக்கொண்டார். விலங்கை அவர் அறியாதவரல்லர். அது பெக்கரி என்பதும், எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும் படத்தைக் கண்டவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டன. அவரைத் தயங்கச் செய்தது வேறொன்று. அதே விலங்குக்கு ஏறக்குறைய ஐம்பதாண்டுகளுக்கு முன்னர் அவர் ஒரு தமிழ்ப் பெயர் வைத்திருந்தார். அப்பெயர் பிழையானது.

அது 1970களின் நடுப்பகுதி. உயர்தர வகுப்புகளில் விஞ்ஞானம் தாய்மொழியிலே கற்பிக்கப்பட்டு வந்த காலம். அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் ஆசிரியருக்குக் கைகொடுத்தன. எனினும் உலகிலுள்ள விலங்குகள் அனைத்துக்கும் எந்தத் தொகுதியும் பெயர் தந்துவிட முடியாது. நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. பகலிற் கற்பிக்க வேண்டியதை இரவிலே தமிழாக்கி, மெழுகுத்தாளில் எழுதி, றோணியோ இயந்திரத்திற் படியெடுத்து மாணவருக்குக் கொடுப்பது அக்கால ஆசிரியர் பலரின் வழக்கம். இவரும் அவ்வாறே செய்தார். உலகின் விலங்குப் புவியியற் பிரதேசங்கள் பற்றிய பாடத்தில், தென்னமெரிக்காவுக்குரிய விலங்குகளின் பட்டியலிலே பெக்கரி வந்தது. இரவு நெடுநேரமாகிவிட்டது. சற்றே சிந்தித்து, ‘அமெரிக்கப் பன்றி’ என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குச் சென்றுவிட்டார்.

தவணைப் பரீட்சையில் ஒரு வினா கேட்டிருந்தார்: பன்றிக் குடும்பம் இயற்கையாகப் பரவியுள்ள பிரதேசங்கள் எவை? மாணவன் ஒருவன் ஏனைய பிரதேசங்களோடு தென்னமெரிக்காவையும் சேர்த்திருந்தான். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையினாற் கோடிட்டு வெட்டினார். பன்றிக் குடும்பம் பழைய உலகத்துக்கே உரியது. 1493 ஆம் ஆண்டில் கொலம்பசின் இரண்டாவது கடற்பயணத்தின்போது ஐரோப்பியர் கப்பலிற் கொண்டுசென்ற பின்னரே வளர்ப்புப் பன்றி மேற்கிந்தியத் தீவுகளைக் கண்டது. விடைத்தாள் கைக்குக் கிடைத்ததும் அம்மாணவன் எழுந்து நின்றான்.

“சேர், அமெரிக்கப் பன்றி எண்டு நீங்கள்தானே நோட்டிலை தந்தனீங்கள்? பன்றியெண்டால் பன்றிக் குடும்பந்தானே?”

வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார், வெட்டிய புள்ளியையும் திருப்பிக் கொடுத்தார். ஆனால் குறிப்பைத் திருத்தவில்லை. மெழுகுத்தாள் ஏற்கெனவே படியெடுக்கப்பட்டுவிட்டது. அடுத்த பாடம் காத்திருந்தது. கையெழுத்திலும் றோணியோவிலும் அக்குறிப்புகள் பாடசாலை விட்டுப் பாடசாலை சென்றன. 1983 யூலையில் கொழும்பிலும் அதன் புறநகர்களிலும் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டபோது ஆசிரியரின் வீடும் நூல்களும் எரிந்தன. பாடசாலை அலுமாரியில் வைத்திருந்த ஒரு குறிப்பேடே அவருக்கு எஞ்சியது. பல்லாண்டுகளின் பின்னர், தனியார் கல்வி நிலையமொன்றிலே கற்பித்துக்கொண்டிருந்த பழைய மாணவர் ஒருவர் தம் குறிப்புகளை அன்போடு காட்டினார். அவற்றிலே ‘அமெரிக்கப் பன்றி’ அழியாமல் இருந்தது. நூல்கள் எரிந்தன, பிழை எரியவில்லை.

பெக்கரியைப் பன்றியென்று கூறுவதனால் என்ன கெட்டுவிடும் என்று வினவுவோர் இருக்கலாம். தோற்றத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று ஒத்திருப்பது உண்மையே. ஆயினும் இரண்டின் பரம்பரைகளும் பிரிந்து ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. காட்டுப்பன்றியின் மேல்வேட்டைப்பற்கள் வெளிநோக்கி மேலே வளைந்து எழும். பெக்கரியின் பற்களோ நேராகக் கீழ்நோக்கி இறங்கிக் கீழ்ப்பற்களோடு உராய்ந்து கத்திபோலத் தீட்டப்படும். பன்றியின் பின்காலில் நான்கு விரல்கள். கழுத்துப்பட்டிப் பெக்கரியின் பின்காலில் மூன்று. பன்றியின் இரைப்பை எளிய அமைப்புடையது. பெக்கரியின் இரைப்பை அறைகளாகப் பிரிந்தது, எனினும் அது அசைபோடுவதில்லை. பன்றி ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈனும். பெக்கரி பெரும்பாலும் இரண்டையே ஈனும். வன்னிக் காடுகளில் வயலை உழுது நாசஞ்செய்யும் ஆண்பன்றியோடு ஒப்பிட்டால் பெக்கரி சிறியது. இருபது கிலோகிராம் அளவில் நிறையுடையது.

இவையனைத்தினும் வியப்பானது அதன் முதுகிலுள்ள சுரப்பி. இடுப்புக்கு அண்மையில் மயிர்களிடையே மறைந்திருக்கும் அச்சுரப்பியிலிருந்து கடுமையான மணமுள்ள நீர் கசியும். ஒரே கூட்டத்து விலங்குகள் இரண்டு எதிரும் புதிருமாக நின்று, ஒன்றின் கன்னத்தை மற்றதன் சுரப்பியிலே தேய்த்துக்கொள்ளும். கூட்டத்தார் அனைவருக்கும் அந்த மணம் பொதுவாகிவிடும். தன் இனத்தவர் யார், அயலார் யார் என்பதை அம்மணமே அறிவிக்கும். பெக்கரிக்குப் பெக்கரி வைத்துக்கொண்ட பெயர் அந்த மணந்தான் எனலாம்.

இவ்விலங்குக்கு மனிதர் வைத்த பெயர்களின் வரலாறோ பெரும்பாலும் தடுமாற்றத்தின் வரலாறு. முதுகுச் சுரப்பியைக் கண்ட பழைய ஐரோப்பியப் பயணிகள் அதனைக் கொப்பூழ் என்று எண்ணினர். முதுகிலே கொப்பூழ் உடைய பன்றியென்று எழுதியும் வைத்தனர். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு விலங்கியலறிஞர் கூவியே அதன் சாதிக்கு ‘டைக்கோட்டிலீசு’ என்று பெயரிட்டார். இரட்டைக் குழியுடையது என்பது அதன் பொருள். இல்லாத கொப்பூழின் நினைவு விஞ்ஞானப் பெயரிலே நிலைத்துவிட்டது. அவருக்கு முன்னர், 1758 ஆம் ஆண்டில், உயிரினங்களுக்கெல்லாம் ஒழுங்காகப் பெயரிட முற்பட்ட லின்னேயசும் இதனைப் பன்றியின் சாதியிலேயே சேர்த்திருந்தார். கல்கிசை ஆசிரியர் நள்ளிரவிற் செய்த பிழையை லின்னேயசு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே செய்துவிட்டார் என்பது சற்று ஆறுதலான செய்திதான். ஆனால் லின்னேயசின் பிழையைப் பின்வந்தோர் திருத்தினர்.

அந்நிலத்து மக்களோ தடுமாறவில்லை. பிரேசிலின் தூப்பி மொழியினர் அதனைத் ‘தாயசு’ என்றனர். பெரும்பல் உடையது என்று அதற்குப் பொருள் கூறுவர். பெக்கரி என்னும் சொல் கரீபு மொழியினரின் வழக்கிலிருந்து 17 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. அரிசோனாவில் வழங்கும் ‘ஹவலீனா’ என்பது ஸ்பானியச் சொல். காட்டுப்பன்றியைக் குறிக்கும் அதன் மூலச்சொல், மலைக்குரியது என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. அரபு நாட்டு மலைப்பன்றியின் பெயர் ஸ்பெயின் வழியாகக் கடல் கடந்து, பன்றியே அல்லாத விலங்கின்மீது அமெரிக்கப் பாலைநிலத்திற் குடியேறியிருக்கின்றது.

பராகுவே நாட்டின் சாக்கோ நிலத்திலே நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. 1930 ஆம் ஆண்டில் ஆர்ஜென்டீனாவில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு ஒரு பெக்கரி இனம் விவரிக்கப்பட்டது. அழிந்துபோன இனம் என்றே விஞ்ஞானிகள் கருதினர். 1970களில் ஆய்வாளர்கள் சாக்கோவுக்குச் சென்றபோது அவ்விலங்கு உயிரோடு உலாவிக்கொண்டிருந்தது. 1975 ஆம் ஆண்டில் அச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்நிலத்து வேட்டுவர் அதனை என்றும் அறிந்தே இருந்தனர். ‘தாகுவா’ என்ற பெயரால் அழைத்தும் வந்தனர். அதனை அழிந்ததாக எண்ணியவர்கள், அதன் பெயர் வழங்கிய மக்களிடம் கேட்டறியாதவர்களே.

அந்த ஒரு கிழமையும் ஆசிரியரின் சிந்தனை பெயர்களைச் சுற்றியே சென்றது. தமிழுக்குப் பன்றி புதியதன்று. ஏனம், கேழல், எறுழி என்று எத்தனையோ பெயர்கள் உள. தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் ஆண், பெண், இளமைப் பெயர்களை வகுத்துரைக்கும்போது மிக நுட்பமாக நடந்துகொள்கின்றது. களிறு என்பது யானைக்குச் சிறப்பாக உரியது; ஆயினும் ஆண்பன்றியை அவ்வாறு கூறுதலும் விலக்கப்படவில்லை. பாட்டி என்பது பன்றிக்கும் நாய்க்கும் உரிய பெண்பாற் பெயர். எந்தப் பெயர் எதற்குரியது, எதுவரை செல்லலாம் என்பதை அறிந்து வழங்க வேண்டும் என்பதும், மரபு பிறழ்ந்தால் பொருளே பிறிதாகிவிடும் என்பதும் அந்நூலின் கருத்து. தம் மாணவனின் விடைத்தாளிலே நிகழ்ந்தது அதுவேயல்லவா என்று ஆசிரியர் எண்ணிக்கொண்டார்.

ஆனால் மரபு எப்போதும் அவ்வளவு கண்டிப்பாகவும் இருந்ததில்லை. முள்ளம்பன்றி பன்றியன்று, அது எலியின் வரிசையைச் சேர்ந்த கொறிவிலங்கு. ஆங்கிலேயரும் அதே விலங்கைப் பழைய பிரெஞ்சு வழியாக முட்பன்றி என்றே அழைக்கின்றனர். அவர்கள் கடலில் வாழும் ஓங்கிலின் உறவு விலங்கொன்றையும் பன்றிமீன் என்று பொருள்படவே பெயரிட்டனர். பேத்தியின் வீட்டுப் பின்புறத்திலே பெக்கரி தின்ற செடியின் கதையும் இத்தகையதே. அமெரிக்காவிலிருந்து வந்து மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் பரவிவிட்ட நாகதாளிக்குச் சப்பாத்திக்கள்ளி என்றும் ஒரு பெயர் உண்டு. உண்மையான கள்ளியை ஒடித்தால் பால் வடியும். நாகதாளியிற் பால் இல்லை. இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். வறண்ட நிலத்தில் வாழ நேர்ந்தமையால் இரண்டும் ஒரே வேடத்தைப் பூண்டுள்ளன. இதனையே உயிரியலார் ஒருங்கு கூர்ப்பு என்பர். பெக்கரியின் முகமும் பன்றியின் முகத்தை ஒத்தது. கள்ளியல்லாத கள்ளியைப் பன்றியல்லாத பன்றி தின்றுகொண்டிருந்த காட்சியைத்தான் பேத்தி படம்பிடித்து அனுப்பியிருந்தாள்.

அவ்வாறாயின் முள்ளம்பன்றியை ஏற்ற தமிழ் அமெரிக்கப் பன்றியையும் ஏற்றால் என்ன? இந்த வாதத்தை ஆசிரியர் தமக்குள்ளே பலமுறை நடத்திப் பார்த்தார். முள்ளம்பன்றியைத் தமிழர் தம் கண்ணாற் கண்டனர். அதன் முள்ளைக் கையாலெடுத்தனர். பெயர் எவ்வாறிருப்பினும் பொருள் கண்முன்னே நின்று பிழையைத் திருத்திக்கொண்டது. முள்ளம்பன்றியைப் பன்றியென்று எண்ணி ஏமாறியவர் எவரும் இலர். பெக்கரியோ றோணியோத் தாளிலே பெயர் மட்டுமாக வந்து சேர்ந்தது. விலங்கைக் காணாத மாணவனுக்குப் பெயரே விலங்கு. ஆண்டுதோறும் மாணவரைத் தெகிவளை மிருகக்காட்சிச் சாலைக்கு அழைத்துச் சென்று, “முதலிலை விலங்கைப் பாருங்கோ, பேர்ப்பலகையைப் பிறகு வாசியுங்கோ” என்று கூறியவர் அவர். காட்ட விலங்கு இல்லாத இடத்தில் பெயர்ப்பலகையை மட்டும் பிழையாக எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதே அவருடைய மனக்குறை.

மறுபுறத்தில், வந்த பெயரையே ஏற்றுக்கொள்வதும் தமிழ் மரபுதான். அயல்மொழிச் சொற்கள் தமக்குரிய எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தைப் பூண்டு வருதற்கு இலக்கணம் வழி வகுத்திருக்கின்றது. அதற்குச் சான்று தேட ஆசிரியர் தம் வாசலைக் கடக்க வேண்டியதில்லை. சிங்கள மக்கள் கல்கிஸ்ஸ என்று வழங்கும் ஊரைத் தமிழர் கல்கிசை ஆக்கினர். கல்லும் இசையும் சேர்ந்த தமிழ்ச்சொல் போலவே அது இன்று ஒலிக்கின்றது. தெகிவளையும் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அவ்வாறு தமிழ் வாயில் உருக்கொண்டவையே. ஆங்கிலேயர் இதே ஊருக்கு மவுண்ட் லவினியா என்று வேறொரு பெயர் வைத்தனர். 1805 முதல் 1811 வரை ஆளுநராயிருந்த தோமஸ் மெயிற்லண்ட் இக்குன்றில் மாளிகை அமைத்தார். அவர் காதலித்த நடனமாதின் பெயரே அது என்று ஊரார் கதை கூறுவர். கடற்பறவையைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் திரிபே அது என்பாரும் உளர். மூன்று பெயர்களுள் எதைக் கூறினாலும் முச்சக்கரவண்டிக்காரர் இதே ஊருக்கே கொண்டுவந்து சேர்ப்பார். வேற்றுப் பெயரைத் தன் ஒலியில் ஏற்றுக்கொண்டமையால் தமிழுக்கு இழப்பு நேரவில்லை; ஊருக்கும் பிழை நேரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. ஆசிரியர் ஆயத்தமாயிருந்தார்.

“அதின்ரை பேர் பெக்கரி.”

மறுமுனையில் ஒரு கணம் அமைதி. பின்னர் அடக்க முடியாத சிரிப்பு.

“பேக்கரியோ அம்மப்பா? அது பாண் விக்கிற இடமெல்லோ!”

ஒரு கிழமைச் சிந்தனையிலும் இது அவருக்குத் தோன்றவில்லை. கல்கிசைச் சந்தியில் நாள்தோறும் பாண் வாங்கும் மனிதர் அவர். இருந்தும் பெக்கரிக்குப் பக்கத்திலே பேக்கரி இருப்பதை அவர் கவனிக்கவில்லை. அவரும் சிரித்தார். ஆனால் இம்முறை சிரிப்போடு நின்றுவிடவில்லை. தாளொன்றை எடுத்துப் பெரிய எழுத்தில் ‘பெ’ என்றும் ‘பே’ என்றும் எழுதித் தொலைபேசியின் முன்னே பிடித்தார். முன்னது குறில், பின்னது நெடில் என்றார். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டினார். அவள் இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தாள். குறில் நெடில் பற்றி அவள் தாய் எத்தனையோ முறை கூறியும் பதியாத வேறுபாடு, பாணுக்கும் காட்டுவிலங்குக்கும் இடையிலே அன்று பதிந்தது.

பின்னர் அவர் பல்லைப்பற்றிக் கூறினார். மூன்று விரலைப்பற்றியும் முதுகு மணத்தைப்பற்றியும் கூறினார். முதுகிற் கொப்பூழ் என்றெண்ணிய பயணிகளின் கதையைக் கேட்டு அவள் மீண்டும் சிரித்தாள். “அப்ப இது பன்றியில்லையோ?” என்று கேட்டாள். “இல்லைப் பிள்ளை. பன்றி மாதிரி இருக்கும், ஆனால் பன்றியில்லை. ஒருக்கால் நான் பன்றியெண்டு எழுதிப்போட்டன். அது என்ரை பிழை” என்றார். ஐம்பதாண்டுகளாக எந்த மாணவரிடமும் கூறாத சொற்களை ஒரு சிறுபிள்ளையிடம் கூறியபோது அவர் எதிர்பார்த்த அளவு துன்பம் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து இன்னொரு படம் வந்தது. அவள் தன் கையால் வரைந்த பெக்கரி. கழுத்துப்பட்டி சற்றே அகலமாகிவிட்டது. பின்காலில் மூன்று விரல்கள் மட்டும் மிகக் கவனமாக வரையப்பட்டிருந்தன. கீழே, கோணல்மாணலான எழுத்தில் இரண்டு வரிகள்: ‘பெக்கரி. இது பன்றி இல்லை.’ முதலில் இரட்டைக்கொம்பு போட்டு, பின்னர் அதை அழித்து ஒற்றைக்கொம்பாக்கிய அடையாளம் தாளிலே தெரிந்தது.

ஆசிரியர் அலுமாரியிலிருந்து பழைய குறிப்பேட்டை எடுத்தார். தென்னமெரிக்க விலங்குகளின் பட்டியலைக் கண்டுபிடித்து, ‘அமெரிக்கப் பன்றி’ என்பதைச் சிவப்பு மையினால் ஒரே கோட்டில் வெட்டினார். அதன்மேல் பேத்தி எழுதிய இரண்டு வரிகளையும் எழுத்துப் பிசகாமற் படியெழுதினார். பின்னர் கல்வி நிலையத்தில் இன்றும் கற்பித்துவரும் அந்தப் பழைய மாணவரின் இலக்கத்தைத் தேடி எடுத்தார். குறிப்பொன்றில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டியிருக்கின்றது என்று அவரிடம் கூற வேண்டும். கரையோரத்தில் எட்டு மணிப் புகையிரதம் கடந்து சென்றது. அழைப்பதற்கு இன்னும் நேரமிருந்தது.